பன்றிக்கறி மீது பழி போடாதீர்கள்

கிளியூரில் மனைப்பட்டா தொடர்பாக ஒரு கூட்டம். காபித் தோட்ட வேலை முடிந்து ஆட்கள் வந்து சேரவே ஏழு மணி ஆகிவிட்டது. கூட்டம் கலைந்த பிறகு ஓர் அம்மா மட்டும் நின்றிருந்தார். கையில் நெகிழிப் பை, அதற்குள் ஸ்கேன் படம். மகன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். பள்ளியில் காலை வழிபாட்டில் நின்றுகொண்டிருந்தவன் கை கால் வெட்டி விழுந்திருக்கிறான். மலையிறங்கி வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, 'மூளையில் ஒரு புள்ளி இருக்கிறது, பூச்சியால் வந்தது' என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னதோடு நிறுத்தவில்லை. எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு, 'உங்க ஆளுங்க பன்னி திங்கறத விட்டாத்தான் இதெல்லாம் போகும்' என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த அம்மா என்னிடம் கேட்டது இதைத்தான்: "கறி திங்கறத அன்னிக்கே நிறுத்திப்போட்டமுங்கண்ணா. வளத்துன ரெண்டு குட்டியையும் வந்த வெலைக்குத் தள்ளிட்டோம். அப்புறமும் ஏன் வருது?"

அன்றைக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. தமிழ் படித்தவன் நான், மருத்துவம் படித்தவன் அல்ல. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்தேன். தெரிந்தவரிடம் கேட்டேன். பதில் வெகு தூரத்தில் இல்லை. சேலத்துக்கு வடக்கே வேலூரில் 35 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அது நம் தெருவுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

கால் கை வலிப்பு

முதலில் பெயரைத் திருத்துவோம். 'காக்காய் வலிப்பு' என்கிறோம். காக்கைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கால், கை இழுத்துக்கொள்வதால் 'கால் கை வலிப்பு'. அதுவே பேச்சில் திரிந்து காக்காய் ஆகிவிட்டது. பெயர் திரிந்ததுபோலவே நோயைப் பற்றிய நினைப்பும் திரிந்துவிட்டது. பேய் பிடித்தது, காத்து அடித்தது, முன்வினை என்கிறோம். விழுந்தவன் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறோம். பெண்ணுக்கு வந்தால் ஊருக்குத் தெரியாமல் மறைக்கிறோம். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமே வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாக எழுதி வைத்திருந்தது. 1999இல்தான் அந்தச் சொல்லை நீக்கினார்கள். சட்டத்தில் நீங்கியது சனத்தின் மனதில் இன்னும் நீங்கவில்லை.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தினர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் வாழ்பவர்கள். முறையாக மருந்து கிடைத்தால் நூற்றுக்கு எழுபது பேர் வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. அப்படியென்றால் மிச்சமிருக்கும் துன்பத்தில் பெரும்பங்கு நோயால் வந்ததல்ல, வறுமையால் வந்தது.

வேலூரில் கண்டது

இந்தியாவிலேயே முதன்முதலில் மூளை அறுவைச் சிகிச்சைக்கென்று தனித்துறை தொடங்கியது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில்தான். ஆண்டு 1949. தொடங்கியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி.

1980களில் நம் நாட்டில் சி.டி. ஸ்கேன் கருவிகள் பரவலாக வந்தன. வலிப்பு வந்தவர்களின் மூளையைப் படம் பிடித்தபோது பலருக்கும் ஒரே மாதிரி ஒன்று தெரிந்தது: இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான ஒரு சிறு வளையம், சுற்றிலும் வீக்கம். இந்திய மருத்துவர்கள் பெரும்பாலும் அதைக் காசநோய்க் கட்டி என்றே எடுத்துக்கொண்டார்கள். நம் நாட்டில் காசநோய் அதிகம் என்பதால் அந்த எண்ணம் வந்தது. நோயாளிகளுக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடத்துக்கு மேலும் காசநோய் மருந்து கொடுத்தார்கள். கட்டி மறைந்தது. மருந்து வேலை செய்தது என்று நினைத்தார்கள்.

வேலூரில் மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் அவர்களது குழுவினரும் இந்த நினைப்பைச் சந்தேகித்தார்கள். சில நோயாளிகளின் கட்டியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். காசநோய்க் கிருமியின் அடையாளம் இல்லை. இருந்தது ஒரு புழுவின் மிச்சம். பன்றி நாடாப்புழுவின் இளம்புழு மூளைக்குள் போய்த் தங்கி, செத்துக்கொண்டிருந்தது. 1989இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இதை அறிவித்தார்கள். 1991இல் விரிவான ஆய்வும் வெளிவந்தது. மண்டையைத் திறக்காமலே இந்தக் கட்டியை அடையாளம் காண்பதற்கான வரையறைகளையும் வகுத்து, அவை சரிதானா என்று சோதித்து 1997இல் வெளியிட்டார்கள். தேவையில்லாத காசநோய் மருந்திலிருந்தும் தேவையில்லாத அறுவைச் சிகிச்சையிலிருந்தும் எண்ணற்றவர்கள் தப்பியது இதனால்தான். பல நோயாளிகளிடம் அந்தக் கட்டி தானாகவே மறையும் என்பதும் அப்போது தெளிவானது.

புழு இருக்கும்வரை மௌனம்

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய அறிவியல் ஒன்று உண்டு. மூளைக்குள் புழு போனவுடனே வலிப்பு வருவதில்லை. உயிரோடு இருக்கும்வரை அது சத்தமில்லாமல் கிடக்கிறது. மெல்லிய தோல் பைக்குள் நீர் நிறைந்த ஒரு முத்துபோல, ஒரு சென்டிமீட்டர் அளவில் இருக்கும். உடம்பின் காவல்காரர்களான நோய் எதிர்ப்பு அணுக்கள் தன்னை அடையாளம் காணாதபடி அவற்றைத் தணித்து வைக்கும் வேலையையும் செய்கிறது. இப்படிப் பல ஆண்டுகள் போகலாம்.

புழு கிழடாகிச் சாகத் தொடங்கும்போது அந்த ஏமாற்று வித்தை முடிகிறது. உள்ளே அடைபட்டிருந்தவை கசிகின்றன. காவல் அணுக்கள் திரண்டு வருகின்றன. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து அந்த இடம் வீங்குகிறது. இதைத்தான் அழற்சி என்கிறோம். காலில் முள் குத்தினால் சுற்றிலும் சிவந்து வீங்கிச் சுடுமே, அதே வேலைதான். ஆனால் கால் வீங்கினால் இடம் உண்டு. மூளையைச் சுற்றி எலும்புக் கூடு. அழற்சி பக்கத்து நரம்பணுக்களைக் கிளறிவிடுகிறது. அவை தாறுமாறாக மின்னோட்டத்தை அனுப்புகின்றன. கை கால் இழுக்கிறது. ஆள் விழுகிறார்.

ஆகவே வலிப்பைக் கொண்டுவருவது பெரும்பாலும் புழுவின் உயிரல்ல, புழுவின் சாவு. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தச் சாவுக்கு நம் உடம்பு காட்டும் கோபம். புழு செத்துச் சுண்ணாம்புப் புள்ளியாக இறுகிய பிறகும் சிலருக்கு அந்த இடம் அவ்வப்போது வீங்கி வலிப்பு வருவதுண்டு. அதனால்தான் சிகிச்சையில் வலிப்பு மாத்திரையோடு அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தையும் தேவைக்கேற்பச் சேர்க்கிறார்கள். புழுக்கொல்லி மருந்து கொடுப்பதா வேண்டாமா என்பதை ஸ்கேன் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரே நேரத்தில் பல புழுக்களைக் கொன்றால் அழற்சி ஒரேயடியாகக் கிளம்பும். வலிப்பு உள்ளவர்கள் கடையில் பூச்சி மாத்திரை வாங்கித் தாமாக விழுங்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

கறியிலிருந்தா மூளைக்குப் போகிறது?

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். புழுவின் பாதையைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். குழப்பம் முழுவதும் இங்கேதான்.

பன்றியின் தசையில் இந்த இளம்புழுக்கள் வெள்ளை முத்துகளாக இருக்கலாம். அந்தக் கறியைச் சரியாக வேக வைக்காமல் தின்றால், புழு மனிதக் குடலில் ஒட்டி நாடாப்புழுவாக வளரும். சில மீட்டர் நீளம் போகும். குடலோடு சரி. நன்றாக வெந்த கறியில் புழு செத்துவிடும். அதனால் ஒன்றும் வராது.

குடலில் நாடாப்புழு உள்ளவரின் மலத்தில் புழுவின் துண்டுகள் வெளியேறும். ஒரு துண்டிலேயே ஆயிரக்கணக்கில் முட்டைகள். கண்ணுக்குத் தெரியாது. மண்ணில், தண்ணீரில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அந்த முட்டை ஒரு மனிதரின் வாய்க்குள் போனால்தான் அது குடலைத் துளைத்து, இரத்தத்தில் ஏறி, தசைக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் போகிறது.

மறுபடியும் சொல்கிறேன். மூளைக்குப் போவது கறியில் இருக்கும் இளம்புழு அல்ல. மனித மலத்தில் இருக்கும் முட்டை. அது கழுவாத கையில் வரும், பச்சையாகத் தின்னும் கீரையில் வரும், தண்ணீரில் வரும், சமைப்பவர் கையிலிருந்து சாப்பிடுபவர் தட்டுக்கு வரும். வாழ்நாளில் பன்றிக்கறியைத் தொடாதவருக்கும், சுத்த சைவருக்கும் வரும்.

நியூயார்க்கில் பன்றிக்கறியை மதக் கட்டளையாகவே விலக்கி வைத்த வைதீக யூதர்கள் நால்வருக்கு இந்த நோய் வந்தது. 1992இல் அமெரிக்க மருத்துவ இதழில் அந்த ஆய்வு வெளியானது. நோய் பரவிய நாடுகளிலிருந்து வந்து அந்த வீடுகளில் வேலை செய்தவர்களிடமிருந்து முட்டை உணவு வழியே வந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். பன்றியே நுழையாத வீட்டுக்குள் புழு நுழைந்தது. அதற்குச் சாதியும் தெரியாது, மதமும் தெரியாது.

பன்றிக்குப் புழு எப்படி வந்தது? வெளியில் கிடக்கும் மனித மலத்தைத் தின்றதால் வந்தது. கக்கூஸ் கட்டிக் கொடுக்காத சமூகத்தின் கழிவைப் பன்றி தின்றது. பன்றியை வளர்த்தவர்களை அந்தச் சமூகமே அசுத்தம் என்றது.

எண்ணப்பட்டவர்களும் எண்ணப்படாதவர்களும்

இந்தியாவில் மூளையைத் தாக்கிய இந்தப் புழு பற்றிய முதல் பதிவு சென்னையிலிருந்து வந்தது. 1888ஆம் ஆண்டு. வலிப்பு வந்து செத்துப்போன ஒரு கூலியாளின் உடலில் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மருத்துவர் கண்டார். மருத்துவ வரலாற்றில் மருத்துவரின் பெயர் இருக்கிறது. செத்தவர் 'கூலி', அவ்வளவுதான்.

பிறகு வெள்ளைக்கார சிப்பாய்களுக்கு வந்தது. இந்தியாவில் பணியாற்றிவிட்டுத் தாய்நாடு திரும்பியவர்கள், ஆண்டுகள் கழித்து வலிப்பு வந்து விழுந்தார்கள். அவர்களை ஒவ்வொருவராகக் கணக்கெடுத்து, நெடுங்காலம் பின்தொடர்ந்து, 450 பேரைப் பற்றிய ஆய்வை டிக்சனும் லிப்ஸ்கோம்பும் 1961இல் வெளியிட்டார்கள். புழு உள்ளே போனதற்கும் வலிப்பு வந்ததற்கும் இடையே ஆண்டுகள் ஓடும் என்பதை உலகம் அதிலிருந்துதான் கற்றது. நல்ல ஆய்வு. ஆனால் அதே காலத்தில், அதே மண்ணில், அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த நம் பாட்டன் பாட்டிகளை யார் எண்ணினார்கள்? இந்தச் சேர்வராயன் மலையில் காபிச்செடி நட்டவர்கள், பாறை உடைத்தவர்கள், துரைமார் வீட்டுக் கழிவறை சுமந்தவர்கள் எத்தனை பேர் 'காத்து அடித்து' செத்தார்கள்?

எண்ணும் வேலையையும் பிறகு வேலூர்க்காரர்களே செய்தார்கள். ராஜசேகர், அன்னா உம்மன், ஜெயப்பிரகாஷ் முளியில் உள்ளிட்டோர் வேலூர் மாவட்டத்தின் கிராமங்களிலும் நகரத்திலும் சுமார் 50 ஆயிரம் பேரிடம் கணக்கெடுத்து 2006இல் வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கு 3.83 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தப் புழு. அந்தக் கணக்கை ஐயாயிரம் பேர் கொண்ட ஓர் ஊராட்சிக்குப் பொருத்திப் பாருங்கள். வலிப்பு உள்ளவர்கள் சுமார் 19 பேர். அதில் ஆறு பேர், கழிப்பறையும் நல்ல தண்ணீரும் இருந்திருந்தால் நோயே வந்திருக்காதவர்கள்.

லக்னோ மாவட்டத்தில் பன்றி வளர்க்கும் மக்களிடையே காசிநாத் பிரசாத் குழுவினர் நடத்திய ஆய்வு 2009இல் வந்தது. அங்கே நூற்றுக்குக் கிட்டத்தட்ட ஆறு பேருக்கு வலிப்பு. அதில் பாதியளவு புழுவால். இதைப் படித்துவிட்டு 'பார்த்தீர்களா, பன்றிதான்' என்று ஒருவர் சொல்லலாம். நான் சொல்வது வேறு. கழிவின் பக்கத்தில் யாரைக் குடியமர்த்தினோமோ அவர்கள் தலையில்தான் கழிவின் நோய் ஏறுகிறது. நோய் அவர்களிடமிருந்து கிளம்பவில்லை. சாக்கடையும் குப்பை மேடும் திறந்தவெளியும் எந்தத் தெருவின் முடிவில் இருக்கின்றன என்று உங்கள் ஊரிலேயே நடந்து போய்ப் பாருங்கள்.

தண்ணீரின் சாதி

1927இல் மகத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் அருந்தினார். அந்தக் குளத்தைத் தீட்டுக் கழிக்க மாட்டுச் சாணத்தையும் கோமியத்தையும் கரைத்து ஊற்றினார்கள். நாம் குடித்தால் நீர் தீட்டு, சாணம் கரைத்தால் நீர் சுத்தம் என்பது அன்றைய அறிவியல்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடந்தது. குழந்தைகளுக்கு நோய் வந்த பிறகே அது வெளியில் தெரிந்தது. அந்தத் தண்ணீரில் நாடாப்புழு முட்டை இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மனித மலம் கலந்த நீர் மனித உடம்பில் என்னவெல்லாம் செய்யும் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். அது அவமானப் பிரச்சினை மட்டுமல்ல, மூளைக்கும் குடலுக்கும் உயிருக்குமான பிரச்சினை.

நம் மலைக்கு வருவோம். ஏற்காடு ஏரியின் உபரி நீர் கிளியூர் அருவியாக விழுகிறது. சுற்றுலா வருபவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மேலே இருப்பவர் கழுவுவதெல்லாம் கீழே இருப்பவரை நோக்கி வருவது மலையின் இயல்பு. லயன் வீடுகளில் எத்தனை குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை, அதில் தண்ணீர் வருகிறதா, கழிவுத் தொட்டி எந்த ஓடையை நோக்கித் திறக்கிறது என்று கேட்பது மூளை நோயைப் பற்றிய கேள்விதான்.

ஒழிக்க முடியும்

முடியாத காரியமல்ல இது. பெரு நாட்டின் வடக்கே தும்பேஸ் பகுதியில் ஹெக்டர் கார்சியாவும் அவருடைய குழுவினரும் மனிதர்களுக்குப் புழு மருந்து, பன்றிகளுக்கு மருந்து, தடுப்பூசி என்று சேர்த்துச் செய்தார்கள். 107 கிராமங்களில் 105இல் புழுப் பரவல் நின்றுபோனது. 2016இல் இது வெளியானது. அங்கே யாரும் பன்றி வளர்ப்பவர்களை ஊரைவிட்டு விரட்டவில்லை. அவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள். பன்றிக்கான அந்தத் தடுப்பூசியை ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் விஞ்ஞானி மார்ஷல் லைட்டவ்லர்ஸ் உருவாக்கினார். அதைத் தயாரித்து விற்பது ஐதராபாத்தில் உள்ள இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் வீடு தேடி ஊசி வருகிறது. பன்றிக்கு ஏன் வரக் கூடாது? வளர்ப்பவர் யார் என்பதைப் பொறுத்து விலங்குக்கும் சாதி வந்துவிடுமா?

நாம் கேட்க வேண்டியவை இவை. லயன் வீடுகளிலும் காலனிகளிலும் வீட்டுக்கொரு கழிப்பறை, அதில் தண்ணீர். மேல்நிலைத் தொட்டிக்கு மூடியும் பூட்டும், மாதந்தோறும் நீர்ப் பரிசோதனை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வலிப்பு மாத்திரை தட்டுப்பாடில்லாமல். ஸ்கேனுக்கு மலையிறங்கும் நோயாளிக்குப் போக்குவரத்து. கால்நடைத் துறை மூலம் பன்றிக்குத் தடுப்பூசி, கொட்டகை கட்டக் கடன். கிராம சபையில் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. கழிப்பறை போய் வந்ததும், சமைக்கும் முன்பும், உண்ணும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தண்ணீரைக் காய்ச்சுங்கள். கீரையையும் காயையும் நன்றாகக் கழுவுங்கள். கறியை உள்ளே சிவப்பில்லாமல் வேக வையுங்கள். மலத்தில் வெள்ளை நாடாத் துண்டு தெரிந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் துணியை மடித்து வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். சாவியைத் தேடி ஓடும் நேரத்தில் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ அடுத்தடுத்து வந்தாலோ 108ஐ அழையுங்கள். வலிப்பு நின்றுவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது மறுபடியும் வருவதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

சென்ற வாரம் மறுபடியும் கிளியூர் போனேன். அந்த அம்மாவிடம் உட்கார்ந்து, புழுவின் பாதையைத் தரையில் குச்சியால் வரைந்து காட்டினேன். பையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை பாதியில் தீர்ந்துபோய், கூலி போட்டு இறங்கி வாங்க முடியாமல் ஒரு மாதம் நின்றிருக்கிறது. வலிப்பு திரும்பி வந்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் சீட்டுப் பதிந்து, இப்போது மாத்திரை தொடர்கிறது.

எல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னார்: "அப்ப எங்க மேல தப்பில்லைங்களா?"

இல்லை, தாயே. உங்கள் சோற்றில் தப்பில்லை.